மினுக்கு இல்லை, வருத்தம்



பியர்ஃபித்தில வீட்டைவிட்டு வெளிக்கிட முதல் ஒரு மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால நிப்பன். மூக்கு, நிறம், திரும்பவும் மூக்கு. "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன மினுக்கு?" எண்டு அம்மா கேட்பா. மினுக்கு இல்லை, பயம்.

இது ஒரு வருத்தம். உடலை நினைத்து ஓயாமல் வெட்கப்படுகிற இந்த எண்ணத்தை பியர் ஜானே 1903-இலேயே பாரிஸில் எழுதினார். "நீ வடிவுதான்" எண்ட ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நிக்கும். கண்ணாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்கிற உளச்சிகிச்சை உதவும்.

'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் பெயர் மாறினது. வெள்ளைதான் வடிவு எண்ட வியாபாரம் மாறேல்லை.

லா சப்பலில சந்திக்கேக்க "கறுத்துப்போனாய்" எண்டு கதையைத் தொடங்காதேங்கோ. ஆரும் டொக்டரிட்டப் போக வெட்கப்பட்டால் கூடப் போங்கோ. அதுவும் எங்கட அரசியல் வேலைதான்.