மழைக்கு விலை



வன்னி நாட்டு உழவனிடம் சென்று, "மழைக்கு என்ன விலை?" என்று வினவினால், அவன் வினவியவரை ஏற இறங்கப் பார்ப்பான். வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையே இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. அக்குளத்து நீரே கிளிநொச்சி வயல்களை விளைவிக்கின்றது. மழை பொய்த்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். ஆயினும் மழைக்கு விலைச்சீட்டு ஒட்டியவர் இந்நிலத்தில் எவரும் இலர். அவ்வாறு ஒட்டியுள்ள உலகம் ஒன்று உண்டு. அது கணினித் திரையிலே தோன்றும் உலகம். அங்கே மழையின் பட்டியல் விலை 39 டொலர் 99 சதம்.

'த சிம்ஸ்' என்னும் கணினி விளையாட்டைப் பற்றியதே இச்செய்தி. சுடுதலும் வெட்டுதலும் இல்லாத விளையாட்டு அது. விளையாடுபவர் சிறு மாந்தரைப் படைத்து, அவர்களுக்கு வீடு கட்டி, உண்ணவும் உறங்கவும் தொழில் புரியவும் வழி செய்து, அவர்களின் வாழ்வை நடத்திச் செல்வர். இதனை உருவாக்கியவர் வில் ரைட் என்னும் அமெரிக்கர். 1991ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியை எரித்த பெருந்தீயிலே அவருடைய வீடு அழிந்தது. ஒரு குடும்பம் மீண்டும் வாழ்வதற்கு எவ்வெப் பொருள்கள் வேண்டும், அவற்றுள் முதலில் வாங்கத்தக்கது எது என்று அவர் எண்ண நேர்ந்தது. அவ்வெண்ணம் இவ்விளையாட்டின் வித்துக்களுள் ஒன்றாயிற்று. 2000ஆம் ஆண்டிலே விளையாட்டு வெளிவந்தது.

வீடிழந்தவர் மனத்திலே பிறந்த விளையாட்டு வன்னி மக்களுக்கு அந்நியமானதன்று. இதன் மூன்றாம் பதிப்பு 2009 ஜூன் மாதத்தில் வெளிவந்தபோது, போரின் முடிவிலே வன்னியை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிலே தங்கியிருந்தனர். அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கிற்று. அத்தொகை ஒருமிக்கக் கிடைக்கவில்லை. வேலை முன்னேற முன்னேறக் கட்டங்கட்டமாகவே கிடைத்தது. ஆதலால், அத்திவாரம் முடிந்தும் சுவர் எழாத வீடு எத்தகையது, சுவர் எழுந்தும் கூரை ஏறாத வீடு எத்தகையது என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர்.

கிளிநொச்சியிலே உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவியை உதாரணமாகக் கொள்க. சிம்ஸ் நான்காம் பதிப்பின் அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபர் முதல் இனாமாகக் கிடைக்கின்றது. அதனை அவள் தன் கணினியில் இறக்கிக்கொள்கிறாள். போருக்கு முன் பரந்தனில் இருந்த அம்மம்மாவின் வீட்டை, தாய் சொல்லக் கேட்டவாறே திரையிலே கட்டுகிறாள். முற்றம் அமைகின்றது, விறாந்தை அமைகின்றது. அருகிலிருந்து பார்க்கும் தாய், படலையடியில் ஒரு நாய் எந்நேரமும் படுத்திருக்கும் என்கிறாள். மாரியிலே கூரையில் விழும் மழையோசையில் அயர்ந்து தூங்குவோம் என்கிறாள்.

நாய் தனிப்பொதி, அதன் விலை 39 டொலர் 99 சதம். மழை தனிப்பொதி, அதற்கும் அதே விலை. டொலர் ஒன்று 300 ரூபா என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய 24,000 ரூபா ஆகின்றது. 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல் ஒரு கிலோவுக்கு அறிவித்த விலை 120 ரூபா. எனவே, திரையிலே ஒரு நாயையும் ஒரு மழையையும் பெறுவதற்கு 200 கிலோ நெல் விற்றாக வேண்டும். "மழைக்கும் காசோ, பிள்ளை?" என்று தாய் கேட்பாளாயின், மகள் என்ன விடை கூறுவாள்?

விற்போர் தரப்பில் நியாயமே இல்லையென்று கூற இயலாது. ஓவியர், இசைஞர், நிரல் எழுதுவோர் எனப் பலர் உழைக்கின்றனர். உழைப்புக்கு ஊதியம் வேண்டும். 2014இல் வெளிவந்த பதிப்பு இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதும் அவ்வுழைப்பினாலேயே. விலை பாதியாகக் குறையும் மலிவு விற்பனைக் காலங்களும் வருவதுண்டு. எனினும், விளையாடுவோரின் மனக்குறை வெறும் உலோபித்தனமன்று. அதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, விற்றதையே மீண்டும் விற்றல். வளர்ப்பு விலங்குகள் முதற் பதிப்புக்கு 2002இலும், இரண்டாம் பதிப்புக்கு 2006இலும், மூன்றாவதற்கு 2011இலும், நான்காவதற்கு 2017இலும் தனிப்பொதியாக விற்கப்பட்டன. மழையும் பனியும் இரண்டாம் பதிப்புக்கு 2007இலும், மூன்றாவதற்கு 2012இலும், நான்காவதற்கு 2018இலும் விற்கப்பட்டன. முந்திய பதிப்புக்கு வாங்கிய மழை பிந்திய பதிப்பிலே பெய்யாது. ஆதலால், தொடக்கம் முதல் இவ்விளையாட்டை நேசித்தவரே மிகுதியாகச் செலவழித்தவர் ஆகின்றார்.

இரண்டாவது, ஒன்றைப் பல கூறுகளாக்கி விற்றல். 2018 மார்ச்சிலே 9 டொலர் 99 சத விலையில் ஒரு சிறுபொதி வந்தது. அதிலிருந்த நாய் பூனைகளுக்கான ஆடைகள், 2017ஆம் ஆண்டுப் பெரிய பொதியை வாங்காதவருக்குப் பயன்படவில்லை. பொதிக்கு ஒரு பொதியா என்று விளையாடுவோர் சினந்தனர். இவ்வழக்கம் இவ்விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 'த எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் நெடுந்தொடரின் நான்காம் விளையாட்டுக்கு, 2006 ஏப்ரலிலே குதிரைக் கவசம் ஒன்று இரண்டரை டொலருக்கு விற்கப்பட்டது. குதிரைக்குச் சட்டை விற்கிறார்கள் என்று உலகெங்கும் நகைத்தனர். இன்றைய விலைகளோடு ஒப்பிட்டால் அக்கவசம் மலிவு என்றே சொல்லவேண்டும்.

மூன்றாவது, வாங்கிய பொருள் வாங்கியவரின் உடைமையாகாமை. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பான். அக்கா ஓட்டிய சைக்கிளைத் தங்கை ஓட்டுவாள். தேவையற்றபோது விற்றுக் காசாக்கவும் இயலும். இப்பொதியோ வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டது. அதனைக் கைமாற்றவோ மறுவிலைக்கு விற்கவோ உரிமை இல்லை. பெறுவது அனுமதி மாத்திரமே.

இம்மூன்றின் மேல் நாணய மாற்றின் சுமையும் சேர்கின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா. 8,000 ரூபாவாக இருந்த மழை சில மாதங்களில் 14,400 ரூபாவாயிற்று. மழை அதே மழைதான். நான்காம் பதிப்பின் பொதிகள் அனைத்தையும் பட்டியல் விலைக்கு வாங்கினால் 1,000 டொலரைத் தாண்டும். அஃதாவது 300,000 ரூபாவுக்கு மேல். வன்னியிலே மெய்யான வீட்டுக்கு வழங்கப்பட்ட உதவித் தொகை 550,000 ரூபா. அன்றைய ரூபாவும் இன்றைய ரூபாவும் ஒன்றல்லவாயினும், இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் சிந்தியாதிருக்க இயலாது.

இதற்குப் பரிகாரம் யாது? கள்ளப் பிரதி பரிகாரமாகாது. பிறர் உழைப்பைக் களவாடுதல் ஒரு தீங்கை மற்றொரு தீங்காக மாற்றுவதேயாம். முறையிடுதல் பயன் தரும் என்பதற்கு இவ்விளையாட்டிலேயே சான்று உண்டு. நான்காம் பதிப்பு நீச்சல் தடாகமும் தளிர்நடைக் குழந்தையும் இன்றி வெளிவந்தபோது விளையாடுவோர் உரத்துக் குறைகூறினர். தடாகம் 2014 நவம்பரிலும், குழந்தை 2017 ஜனவரியிலும் இனாமாகவே சேர்க்கப்பட்டன. இன்னும், விளையாடுவோர் பலர் தாமே ஆடையும் தளபாடமும் ஆக்கி ஏனையோருக்கு இனாமாக வழங்குகின்றனர். அக்கைவேலையைக் கற்கும் மாணவர், வாங்குவோராக மட்டும் நில்லாது ஆக்குவோராகவும் வளர்வர்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், பிள்ளைகள் முன்னதாகச் சில வினாக்களை எழுப்புதல் நன்று. இது தனியே இயங்குமா, வேறொரு பொதியையும் வேண்டுமா? மலிவு விற்பனை வரும்வரை காத்திருக்க இயலாதா? அடுத்த பதிப்பு வரும்போது இது என்னவாகும்? வெளிநாட்டிலுள்ள மாமாவின் கடனட்டையைக் கேட்பதற்கு முன், அவர் அத்தொகையை எத்தனை மணிநேரம் உழைத்து ஈட்டுகின்றார்? இவ்வினாக்களைப் பெற்றோரும் பிள்ளைகளோடு அமர்ந்து ஆராயலாம். "விளையாட்டுத்தானே" என்று ஒதுக்கினால் செலவு தெரியாமற் போகும். ஏசினால் பிள்ளை மறைக்கக் கற்கும்.

அம்மாணவி ஒருவேளை மழைப்பொதியை வாங்காது விடக்கூடும். அப்பொழுதும் திரையிலே அம்மம்மாவின் வீடு நிற்கும். முற்றமும் விறாந்தையும் நிற்கும். அந்த வீட்டைப் பற்றித் தாய் இன்னும் சொல்லாதவை பல இருக்கும். அவற்றைக் கேட்டறிவதற்கு எப்பொதியும் வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்து, வெளியே மெய்யான கூரையில் மழை விழும் ஓர் இரவில், தாயும் மகளும் அருகருகே அமர்ந்தால் போதும்.