கொம்ப்ரசர் போச்சா? முதலில் பாருங்கள்

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் குடும்பங்களுக்கு நிகழ்த்திய உரை)



ரத்தொட்டை மலைக் குளிரில இருக்கிற நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். இன்றைக்கு லயத்திலும் பிரிட்ஜ் இருக்கு. நம்ம பிள்ளைகள் பலர் கொழும்பில ஏசி வேலை செய்யுறாங்க. இரண்டுக்கும் இருதயம் ஒன்றுதான்: கொம்ப்ரசர் மோட்டார்.

முன்பு எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் நின்றுபோனது. பார்க்க வந்தவர், "கொம்ப்ரசர் போச்சு, புதுசு போடணும்" என்றார். கொழுந்து எடுத்துச் சேர்த்த காசை அம்மா கொடுத்தா. தொழில் படித்த பிறகு, மூலையில் கிடந்த பழைய கொம்ப்ரசரை நானே சோதித்தேன். அது நல்லாத்தான் இருந்தது. எரிந்திருந்தது ஸ்டார்ட் ரிலே மாத்திரமே! அதனால்தான் சொல்கிறேன்: ஒழுங்காகப் பாருங்கள்.

முதலாவது, கரண்ட். நமக்கு வருவது 230 வோல்ட். ஒரே வயரில் பல வீடு எடுத்தால், மாலையில் 180, 190க்கு இறங்கலாம். அப்போது மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும். சூடேறி, 'டிக்' என்று ஓவர்லோட் துண்டித்துவிடும். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள்.

இரண்டாவது, அழுக்கு. பின்பக்கக் கம்பிகளில் அடுப்புப் புகைக் கரி படிந்தால் சூடு வெளியேறாது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

மூன்றாவது, ரிலேயும் கெப்பசிட்டரும். கெப்பசிட்டர் உப்பியிருந்தால் அதுவே குற்றவாளி. விலையும் குறைவு. ஆனால் பிளக்கைக் கழற்றினாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்; கை வைக்காதீர்கள்!

கடைசியாகத்தான் மோட்டார். அதில் மூன்று முனைகள் உண்டு: பொது, ஓட்டம், தொடக்கம். பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் மீட்டர் 10, 20 ஓம் காட்டினால், அந்த இரண்டுக்கும் இடையே 30 காட்ட வேண்டும். எந்த முனைக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் சுருள் எரிந்துவிட்டது. ட்ரிப் சுவிட்ச் விழுவது அதனால்தான். விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். உயிர் போகும்.

வாயுக் குழாயை நீங்கள் தொடவே வேண்டாம். புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ வாயு தீப்பிடிக்கும்.

தாய்மாரே, யாராவது "கொம்ப்ரசர் போச்சு" என்றால், "மீட்டர் வைத்துக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உங்கள் உழைப்பின் காசு. தம்பிமாரே, இந்தத் தொழிலை முறையாகப் படித்து என்.வீ.கியூ. சான்றிதழ் எடுங்கள். நாளைக்கு நம்ம லயத்துக்கு நம்ம பிள்ளையே வந்து உள்ளதை உள்ளபடி சொல்லட்டும்.