சிறுநீரகப் புற்றும் ஒரு நொதியமும்

ஊர்காவற்றுறை அமைந்துள்ள தீவை ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என அழைத்தனர். அதே லைடன் நகரத்து ஆய்வாளர்கள், 1986ஆம் ஆண்டில், ஜி250 என்னும் பிறபொருளெதிரியைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். சிறுநீரகப் புற்றுக் கலங்களில் ஒட்டிக்கொள்ளும் அது, நலமுள்ள சிறுநீரகத்தைத் தீண்டுவதில்லை. அது பற்றிக்கொள்வது ஒரு நொதியத்தையே என்பது பின்னர் தெளிவாயிற்று. காபோனிக் அன்ஐதரேசு ஒன்பது என்பது அதன் பெயர்.

இந்நொதியக் குடும்பத்தின் மூத்த உறுப்பினரை 1933இல் மெல்ட்ரம், ரவுட்டன் என்போர் செங்குருதிக் கலங்களில் கண்டறிந்து வெளியிட்டனர். ஒன்பதாவது உறுப்பினரோ, பெரும்பாலும் ஒட்சிசன் குன்றிய கலங்களில் தோன்றுவது. தெளிகலச் சிறுநீரகப் புற்றில் நிலைமை விசித்திரமானது. வொன் கிப்பல் லின்டோ என்னும் பரம்பரையலகு பழுதடைவதால், ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதும் இல்லையென்றே கலம் கருதுகின்றது. சங்கு குளித்துக் கரையேறிய பின்னும் மூச்சடக்கி நிற்பவனைப் போன்றது அதன் செயல். நொதியம் மிகுதியாகச் சுரக்கின்றது.

அப்படியாயின் நொதியம் மிகுந்த கட்டியே கொடியது என்று நினைக்கத் தோன்றும். உண்மை மறுதலையானது. 2003இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிசில் 321 நோயாளரின் கட்டிகளைச் சாயமிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 85க்கு மேற்பட்ட கலங்களில் நொதியம் தென்பட்டவர்களே நெடுநாள் வாழ்ந்தனர். குறைந்தவர்களின் நிலை, சிறப்பாக நோய் பரவியிருந்தோரின் நிலை, கவலைக்குரியதாயிருந்தது. தன் பிறப்பியல்பை இழந்து தறிகெட்ட கட்டியே பெரும்பாலும் நொதியத்தையும் இழக்கின்றது.

ஆயின் 2007இல் மேயோ மருத்துவ நிலையத்தார் 730 நோயாளரை ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தனர். கலக்கருவின் தரத்தையும் இழையம் மடிந்துள்ளதா என்பதையும் கணக்கிற் கொண்டால், நொதியம் தனியாகப் புதிதொன்றும் கூறுவதில்லை என்பதே அது. இன்று இந்நொதியச் சாயம் பெரிதும் உதவுவது, ஐயத்துக்குரிய கட்டி எவ்வகையினது என்று துணிவதற்கேயாம்.

தீவகத்து மக்களுக்கு இச்செய்தி சிறிதன்று. “கட்டியை எடுத்தாயிற்று, இனி வருமா?” என்று கேட்கும் குடும்பம், இச்சோதனை ஒன்றுக்காகவே நகையை ஈடுவைத்துக் கொழும்புக்கோ சென்னைக்கோ ஓடவேண்டியதில்லை. கருவின் தரமும் இழைய மடிவும், நோயியல் ஆய்வுகூடங்களில் வழமையாகப் பயன்படும் எளிய சாயத்திலேயே தெரிபவை. கட்டியின் பருமனும் பரவலும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படும். வேண்டுவது பார்ப்பவரின் பொறுமை.

சத்திரசிகிச்சைக்குப் பின் பல்லாண்டு கழிந்தும் இந்நோய் மீள்வதுண்டு. ஆதலால் நொதியம் கூடினும் குறையினும், குறித்த தவணைகளிற் சென்று படம்பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஊர்காவற்றுறையார் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் சேர்வர். நெடுந்தீவாரோ படகேறிக் குறிகாட்டுவான் வந்து, அதன்பின்னரே பேருந்து பிடிக்கவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அத்தவணை தப்பிப்போகும்.