பால் மறந்த குட்டிக்கு என்ன கொடுக்கலாம்?

இன்னைக்கு எபிசோடு பன்னிக்குட்டியோட வயித்தைப் பத்தி. சிரிக்காதீங்க, கடைசியில இது நம்ம ஐசியூ வரைக்கும் வந்து நிக்கும்.

போத்தனூர்ல எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், செட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறார். போன மாசம் போன் பண்ணப்ப குரலே சரியில்ல. "பதினோரு குட்டி தம்பி. பால் மறக்கடிச்சு ஒரு வாரம் ஆகல, நாலு போயிருச்சு. எல்லாம் கழிச்சல். கடையில ஒரு பவுடர் இருக்குதாமா, தீவனத்துல கலந்தா நின்னுருமாம். போடட்டுமா?"

என்ன பவுடர்னு விசாரிச்சோம். ஆன்டிபயாடிக்.

முதல்ல, கழிச்சல் ஏன் வருது? குட்டி பால் குடிக்கிற வரைக்கும், பால்ல இருக்கிற சர்க்கரையை நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலமா மாத்துது. வயித்துல புளிப்பு இருக்கிறதால கெட்ட கிருமி பெருசா வளர முடியாது. தாய்ப்பால்ல வர்ற நோய் எதிர்ப்புப் பொருளும் காவல் நிக்குது. பாலை நிறுத்துனா ரெண்டும் ஒரே நாள்ல போயிடும். குட்டியோட இரைப்பை தானா போதுமான அமிலம் சுரக்க இன்னும் சில வாரம் ஆகும். தாயைப் பிரிஞ்ச கவலையில ஒண்ணு ரெண்டு நாள் சரியா சாப்பிடாது. அதுல குடலுறிஞ்சிகள் குட்டையாகிடும். அப்புறம் பசியில மொத்தமா தின்னும். செரிக்காத புரதம் கீழ்க்குடலுக்குப் போய் ஈ.கோலை கிருமிக்கு விருந்தாகுது.

இதுக்கு என்னென்ன கலக்கிறாங்க? ஒண்ணு, ஃபார்மிக், சிட்ரிக் மாதிரி அமிலங்கள். பால் கொடுத்த புளிப்பை இது கொஞ்சம் திருப்பிக் கொடுக்குது. ரெண்டு, புரோபயாடிக். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட் மாதிரி உயிருள்ள நுண்ணுயிர்கள். மூணு, பிரீபயாடிக். அந்த நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. ஐரோப்பாவுல சில பண்ணைகள் தீவனத்தைத் தண்ணியில ஊறவச்சுப் புளிக்க வச்சே கொடுக்கிறாங்க. நம்ம பழைய சோறு கதைதான்!

நாலாவது, ஜிங்க் ஆக்சைடு. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் அளவுல ரெண்டு வாரம் கொடுத்தா கழிச்சல் நல்லாவே குறையும். ஆனா பெரும்பகுதி சாணத்தோட வெளியேறி மண்ணுல சேருது. மருந்துக்கு அடங்காத கிருமி பெருகவும் வழி பண்ணுது. அதனால 2022 ஜூன்ல ஐரோப்பிய ஒன்றியம் மருந்து அளவுல கொடுக்கிறதை நிறுத்திடுச்சு. வளர்ச்சிக்காகத் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலக்கிறதை அவங்க 2006லயே தடை பண்ணிட்டாங்க.

இப்ப ஐசியூ விஷயம். கோலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாடிக். மனுஷனுக்கு வேற எதுவும் கேட்காதப்ப கொடுக்கிற கடைசி மருந்துகள்ல ஒண்ணு. அதையே பண்ணைகள்ல தீவனத்துலயும் கலந்தாங்க. 2015ல சீனாவுல பன்னிங்க கிட்ட, இறைச்சியில, நோயாளிங்க கிட்ட எம்சிஆர்-1னு ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. அது இருக்கிற கிருமிக்குக் கோலிஸ்டின் வேலை செய்யாது. அந்த மரபணு ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குச் சுலபமா தாவும். 2019 ஜூலையில இந்தியா, உணவுக்காக வளர்க்கிற விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுக்கிறதைத் தடை பண்ணுச்சு.

நம்ம அண்ணன் பவுடரை வாங்கல. சரவணம்பட்டியில இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக மையத்துக்குப் போய்க் கேட்டார். கேட்டுட்டு வந்து கொட்டகையில மாத்துனது எல்லாம் சாதாரண விஷயம். தரை காய்ஞ்சு இருக்கணும், ராத்திரி சூடு வேணும், தண்ணித் தொட்டி தினமும் கழுவணும். ஹோட்டல் மிச்சத்தைக் குட்டிக்குக் கொடுக்கிறதை நிறுத்திட்டார். பெருசுகளுக்கும் நல்லா கொதிக்க வச்சுத்தான். பால் மறக்கடிக்கிறதுக்கு முன்னாடியே குட்டித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். இதெல்லாம் செஞ்ச பிறகுதான் புரோபயாடிக். இது இல்லாம எந்த டப்பா வாங்கிப் போட்டாலும் காசு தண்டம். கழிச்சல் வந்த குட்டிக்கு டாக்டர் பார்த்து மருந்து எழுதுனா, அதைக் கொடுக்கத்தான் வேணும். அது வேற, நோய் வராமலேயே தினமும் கலக்கிறது வேற.

மிச்சம் ஏழுல இன்னொண்ணும் போயிடுச்சு. ஆறு நிக்குது. "அடுத்த ஈத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடறேன் தம்பி"ன்னார்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.