இரவு ஷிப்டும் பல்லின் ஆரோக்கியமும்



கோயமுத்தூர், திண்டுக்கல் முதலிய ஜில்லாக்களின் நூற்பு மில்களுக்குச் சுற்றுக் கிராமங்களினின்று வேலைக்குச் செல்வோர் பலர். மில் இரவும் பகலும் ஓடுவதால் ஷிப்டு மாறிமாறி வரும். உறக்கம் கெடுவதை எல்லோரும் அறிவர். பல் கெடுவதைக் கவனிப்போர் சிலரே.

நம் நாட்டில் பல் துலக்குவது பொழுது விடிவதோடு சேர்ந்த வழக்கம். சூரியனைக் கடிகாரமாகக் கொண்ட உழவனுக்கு அது பொருந்திற்று. இரவு ஷிப்டுக்காரருக்கோ விடியற்காலமே படுக்கும் காலம். வீடு திரும்பியவர் பசிக்கு இரண்டு இட்டிலி உண்டு அப்படியே படுத்துவிடுகிறார். மாலையில் எழுந்து, காப்பி குடித்துக் கிளம்புகிறார். துலக்கும் வேளை எங்கேயோ நழுவிவிடுகிறது.

பல்லில் ஒட்டிய ஆகாரத்தின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. விழித்திருக்கையில் அதைக் கழுவித் தணிப்பது உமிழ்நீர். உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துபோகிறது. ஆகையால் பல் துலக்குவதை விடியலோடன்றிப் படுக்கையோடு சேர்க்க வேண்டும். எந்த வேளையில் படுத்தாலும், அதற்கு முன் புளோரைடு சேர்ந்த பற்பசையால் துலக்குதல் அவசியம். எழுந்தபின் மறுமுறை துலக்கலாம். செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். இரவெல்லாம் சிறிது சிறிதாகச் சர்க்கரைத் தேநீர் அருந்துவதினும் ஒரே தடவையில் குடித்து, வாய் கொப்பளிப்பது மேல்.

இதினும் பெரிய கேடு வேறொன்று உண்டு. பஞ்சு தீப்பற்றுமென்பதால் மில்லுக்குள் பீடி பிடிக்கலாகாது. எனவே தூக்கத்தை விரட்டப் புகையிலையையும் பாக்கையும் கன்னத்தில் அடக்குகின்றனர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிக்குமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-ல் வெளியிட்டது. புகையிலையில்லாத பாக்கும் அவ்வாறே என 2004-ல் வெளியிட்டது. காரம் பட்டால் வாய் எரிதல், வாய் முழுதும் திறவாமை, இரண்டு வாரத்தில் ஆறாத புண் — இவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் செல்வதில் தாமதம் கூடாது. வலி இல்லையென்று இருந்துவிடுவோரே அதிகம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எச்சிற் படிக்கம் வைக்கும்படி விதித்து, வெளியில் துப்பியவருக்கு 5 ரூபாய் வரை அபராதமும் குறித்தது. துப்ப இடம் குறித்த சட்டம் துலக்க வேளை குறிக்கவில்லை. அது தொழிலாளி தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பல் பரிசோதனை முகாம் நடத்த எண்ணும் சங்கம், ஷிப்டு மாறும் நாளை முதலில் விசாரித்து, பிறகே வைத்தியரை அழைப்பது நலம். வேலைநாளில் காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால், இரவு வேலைக்காரர் உறங்கிக்கொண்டிருப்பார். பகல் வேலைக்காரர் மில்லில் இருப்பார்.