ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பழைய மாணவன் மேடையேறினால் இனிய நினைவுகளைச் சொல்வதுதான் வழக்கம். நான் இன்று உறுத்துகிற நினைவு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இந்தக் கல்லூரிக்கு வருமுன் நான் படித்த பள்ளிக்கு, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பையன் வருவான். கோர்வைச் சேலை எப்படி நெய்வார்கள் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாடா ஓடணும், ஒரு ஆளால் ஆகாது. விடியற்காலையில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிவிட்டு, அவன் மூச்சிரைக்க ஓடி வருவான். தினமும் தாமதம். வகுப்பில் அவனுக்கு ‘எடுபிடி’ என்று பட்டப்பெயர். சோற்று டப்பாவை ஒளித்து வைப்பார்கள். போகிற வருகிறவன் எல்லாம் தலையில் குட்டுவான். நான் ஒருநாளும் குட்டியதில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டான்.

பல வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். காபி வாங்கிக் கொடுத்தான். பேச்சுவாக்கில், “ஏம்ப்பா, நீ நல்லாப் படிக்கிற பையன். நீயாவது வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

அன்பர்களே, இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது என்ன? சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்ததால் பிளஸ் டூ மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னான். அன்றிரவே உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதே மாணவன் 2024 தேர்வில் 469 மதிப்பெண் பெற்றான் என்பது நமக்கெல்லாம் பாடம்.

அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர் கையில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுக்கலாம், வீட்டுத் திண்ணையில் நாம் பேசும் பேச்சை யார் அறுப்பது? பிள்ளை அங்கேதானே கற்கிறான்?

கல்லூரியும் விலக்கல்ல. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஓர் உயிர் போன பிறகு வந்த சட்டம் அது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை வந்து சொன்னால், அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்காதீர்கள். சொன்னவனுக்கு அன்றைக்கே பாதுகாப்பு வேண்டும். அடித்த பையனையும் விரட்டிவிடாதீர்கள். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை திடீரென்று ‘வயிற்று வலி, ஸ்கூலுக்குப் போகல’ என்றால் அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாணவச் செல்வங்களே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்வார். அன்று எங்கள் வகுப்பில் ஓர் இழை அறுந்தது, யாரும் நிறுத்தவில்லை. நீங்கள் நிறுத்துங்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.