கடற்பாசியும் கதிர்த்தடுப்புக் களிம்பும்



கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தோலைத் தீய்ப்பதோடு, நாளடைவில் புற்றுநோய்க்கும் வித்திடுகின்றன. அவற்றைத் தடுக்கும் களிம்புகளில் சேரும் ஆக்சிபென்சோன் பவளப் பாறைகளுக்குக் கேடு விளைவிக்கும் என்று அஞ்சி, 2020இல் பலாவு நாடும் 2021இல் ஹவாய் மாநிலமும் அத்தகைய களிம்புகளின் விற்பனைக்குத் தடை விதித்தன.

மாற்றைத் தேடும் ஆய்வாளர் சிலர் பாசியை நாடுகின்றனர். அதனை நீருடன் மூடிய கலத்தில் இட்டு, 200 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூடேற்றினால், 10 நானோமீட்டருக்கும் சிறிய கரிமத் துகள்கள் கிட்டுகின்றன. அவை புறஊதாக் கதிரை ஈர்த்து, அவ்வாற்றலின் ஒரு பகுதியை நீல ஒளியாக உமிழ்கின்றன.

ஆயினும், கண்ணாடிக் குழாய் வேறு, மனிதத் தோல் வேறு. இத்துகள்கள் பொதுவாகக் குறுகிய அலைகளை நன்கு தடுக்கின்றன. தோலில் ஆழ ஊடுருவும் 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான அலைகளிடம் அவ்வளவு வலிமை காட்டுவதில்லை. ஒளி பட்டவுடன், உயிரணுவைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்களைத் தாமே தோற்றுவிக்கும் துகள்களும் உண்டு. உரிமம் வழங்கும் அலுவலர்கள் முதலில் கேட்க வேண்டியது இச்சோதனையின் முடிவைத்தான்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மண்டபம் பகுதியில் வருவாய்க்காக வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப் பாறைகள்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பவளத்தைக் காக்கும் களிம்புக்காகப் பவளத்தை மூடும் பாசியை மேலும் பயிரிடுவது முறையன்று. கராஜீனன் என்னும் கூழ்ப்பொருளைப் பிரித்தபின் ஆலைகளில் எஞ்சும் சக்கையிலிருந்தே ஆய்வைத் தொடங்கலாம்.